படுக்க வைத்த தோல்

மருத்துவமனையின் நிலவறையில் உள்ள லேப்புக்கு இறங்கும் படிகளில் பாதி தூரம் போவதற்குள்ளேயே ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கிய மிதப்பில், மடிப்புக் கலையாத சட்டையோடு, ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் வேலைக்காக அந்தப் படிகளில் நான் முதல் நாள் இறங்கியபோது கீழேயிருந்து ஒரு குரல் வரவேற்றது.

“அழாதப்பா. இங்க பொணமெல்லாம் கிடையாது. எல்லாரும் துண்டு துண்டாத்தான் இருக்காங்க.”

அறை மொத்தமும் சிரித்தது. குரலுக்குச் சொந்தக்காரர் ஜன்னலில்லாத சுவரோரம் உயரமான முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லி உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, மேலங்கி முழுக்க மெழுகுச் சொட்டுகள்.

“என்ன படிச்சிருக்க?”

“டிகிரி முடிச்சிருக்கேங்க.”

“அப்பா என்ன பண்றாரு?”

“விவசாயம்.”

“அவரு வெயில்ல வெந்தாரு. நீ ஹீட்டர் பக்கத்துல வேகப்போற. பரம்பரையா வேகறீங்கப்பா!”

மறுபடி சிரிப்பு. கோபம் மூக்குவரை வந்தாலும் சேர்ந்து சிரித்து வைக்க வேண்டியிருந்தது. அந்த அறையில் யார் சிரிக்கவில்லையோ அவரை வைத்துத்தான் அடுத்த சிரிப்பு.

அவருக்குப் பெயர் கத்தி. நேரில் பேசும்போது எல்லோருக்கும் ‘அண்ணே’தான். முதுகுக்குப் பின்னால் கத்தி. மெழுகில் புதைந்த சதையை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவும் கைக்காக ஒரு பாதி, யார் சிக்கினாலும் அறுத்துத் தள்ளும் வாய்க்காக இன்னொரு பாதி. கண்டக்டர் திக்கினால் பஸ் நிற்பதற்குள் அதே மாதிரி திக்கிக் காட்டுவார். லிஃப்ட் ஓட்டுகிற கால் ஊனமான ஆளைப்போல நடந்து காட்டுவார். அச்சு அசலாக இருக்கும். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாலும் சிரிப்பு வந்துவிடும்.

வாய் இப்படி என்றால் கை வேறு ஜாதி. சந்தேகமான தோல் நோய் என்றால் மேலே டாக்டர் பயறு அளவுக்கு ஒரு துண்டைக் குடைந்தெடுத்து மருந்துக் குப்பியில் போட்டு அனுப்புவார். ராத்திரி முழுக்க மெஷினுக்குள் ஊறி நீர் வற்றிய அந்தத் துண்டை, மறுநாள் காலை உருகிய மெழுகு ஊற்றிய சின்ன உலோக அச்சில் இடுக்கியால் வைத்துக் குளிரவிட வேண்டும். மெழுகு கட்டியானதும் மெஷினில் பூட்டிச் சீவி, சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போட்டால், மைக்ராஸ்கோப்பில் நோய் தெரியும்.

இதில் எல்லாமே வைக்கிற கையில் இருக்கிறது. தோல் அடுக்கு அடுக்கானது. மேலே மெல்லிய படலம், கீழே தடித்த பகுதி, அதற்குள் மயிர்க்கால், ரத்தக்குழாய், நரம்பு, அடியில் கொழுப்பு. நோய் எந்த அடுக்கில் குடியிருக்கிறது என்று பார்த்துத்தான் அதற்குப் பெயர் சொல்ல முடியும். அதனால் துண்டை மெழுகுக்குள் விளிம்பில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். அப்போதுதான் ஒரே சீவலில் உச்சி முதல் அடிவரை தெரியும். மல்லாக்கவோ குப்புறவோ படுத்துவிட்டால் ஒரு நேரத்தில் ஓர் அடுக்குத்தான் கிடைக்கும். மாடிவீட்டின் கூரையை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே எத்தனை பேர் என்று சொல்வது போலாகிவிடும்.

“மனுஷன் படுக்கலாம். தோல் படுக்கக் கூடாது.” புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் கத்தி இதைச் சொல்லுவார். சொல்லிவிட்டு அவர்கள் வைத்த துண்டுகளை எடுத்து எல்லோருக்கும் காட்டுவார். “பாருங்கய்யா, தம்பி தொட்டில்ல போட்டுத் தாலாட்டியிருக்கான்.” ஒரு பயிற்சிப் பெண் அப்படி அழுதுகொண்டே படியேறியவள், திரும்ப இறங்கவேயில்லை.

அந்த வருடம் பெரிய மேடம் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். பெரிய மேடம் என்றால் அந்தத் துறையின் தலைவர். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசுகிறவர். தோல் டாக்டர்கள் கண்ணால் பார்த்துச் சொல்லுகிற நோய்ப்பெயரும், சதையைச் சீவிப் பார்த்தால் தெரிகிற நோய்ப்பெயரும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. கட்டுரை வெளியே போகும், மாநாட்டில் வாசிப்பார்கள். “ஆராய்ச்சித் தோல் எல்லாத்தையும் அவரே வைக்கட்டும். வேற யாரும் தொட வேண்டாம்” என்று மேடம் சொன்ன அன்று கத்திக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை மேடத்தின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

“சரி, கை கழுவிட்டு வாங்க. மெழுகு நாத்தம்” என்றாள் அவள்.

வீட்டில் ஒரே ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை. பெரிய அறையில் பாதியைத் தையல் மெஷினும் துணிக்குவியலும் பிடித்திருக்கும். மருத்துவமனைச் சீருடைகளுக்குக் கீழ்மடிப்பு அடிப்பதும் பட்டன் வைப்பதும் மனைவியின் வேலை. மீதிப் பாதியில் அவளுடைய தம்பி படுத்துக்கொள்வான். தாய் தகப்பன் போன பிறகு அக்காவோடு வந்து ஒட்டிக்கொண்டவன். முப்பதை நெருங்குகிறவன், பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். மருத்துவமனைக் கேன்டீனில் பரிமாறுகிற வேலையைக் கத்திதான் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் கொடுத்ததை ஒருநாள்கூட மறக்க விட்டதில்லை.

“மச்சான், நீ தூக்குற ஒவ்வொரு தட்டுக்கும் அடியில என் பேரு எழுதியிருக்கு. தெரியும்ல?”

“தெரியும் மாமா. கழுவும்போது பாத்திருக்கேன்.”

அவன் சிரித்துவிடுவான். அது கத்திக்கு எரிச்சலாக இருக்கும். அறுபட்டவன் முகத்தைச் சுளித்தால்தானே அறுத்தவனுக்குத் திருப்தி.

அவன் முன்கையில் அந்த வளையத்தை முதலில் கண்டதும் கத்திதான். சாப்பிட உட்கார்ந்தபோது சட்டைக்கை மேலேறியது. காசு அகலத்துக்கு ஒரு வட்டம். ஓரம் தடித்துச் சிவந்தும் நடுவே வெளிறியும் இருந்தது. முழங்கைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு.

“இது எத்தனை நாளா?”

“ரெண்டு மூணு மாசமா இருக்கும் மாமா. அரிக்கல, வலிக்கல.”

“வலிக்கலையா?” கத்தி தட்டைத் தள்ளி வைத்தார். “அதாண்டா விஷயம். வலிக்காத வட்டம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை தோலைச் சீவியிருக்கேன்! இது தொழுநோய்.”

மனைவியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? டாக்டரா நீங்க?”

“டாக்டருக்கே நான் சீவிக் குடுத்தாத்தான் தெரியும்” என்றார் அவர். அன்றிரவே தலையணையையும் போர்வையையும் மச்சான் மொட்டைமாடிக்குப் போகும் படிவளைவில் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. மனைவி எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தாள். “பிள்ளைகள் இருக்கிற வீடா இருந்தா நானே அவனை வெளியே படுக்கச் சொல்லியிருப்பேன். நமக்குத்தான் பிள்ளை இல்லையே, எதுக்குப் பயப்படுறீங்க?” என்றுகூடக் கேட்டாள். தன் வாயால் அவள் அந்தக் குறையைச் சொன்னது அதுதான் முதல்முறை. கத்தி அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

தோல் டாக்டர் அவனை வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பார்த்தார். பஞ்சால் தடவினார், ஊசி நுனியால் தொட்டார். உணர்ச்சி இருப்பதாகத்தான் தெரிந்தது, ஆனால் ஓர் இடத்தில் அவனுக்கே சந்தேகம். “ரெண்டுல ஒண்ணா இருக்கலாம்” என்றார் டாக்டர். “ஒண்ணு, தானா வந்து தானா மறையுற வளையம். யாருக்கும் தொத்தாது, ஒண்ணும் பண்ணாது. இன்னொண்ணு தொழுநோயோட ஆரம்பம். அதுவும் பயப்படுற வியாதி இல்ல, மருந்து ஆரம்பிச்சா மத்தவங்களுக்குத் தொத்தாது. ரெண்டும் வெளியே பாக்க ஒரே மாதிரி இருக்கும். அடித்தோல்ல, நரம்பைச் சுத்தி என்ன இருக்குன்னு பாத்தாத்தான் சொல்ல முடியும். ஒரு துண்டு எடுத்துடலாம். கீழே ஒரு ஆராய்ச்சி நடக்குது, அதுல சேத்துக்குறேன்.”

பயப்பட வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னது கேன்டீன் முதலாளியின் காதுக்குப் போய்ச்சேரவில்லை. தொழுநோய் என்ற சொல் மட்டும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. யார் சொன்னது என்று கேட்க வேண்டியதில்லை. கத்தி டீ குடிக்கிற இடம் அது.

முதலாளி அவனைக் கல்லாவுக்கு அப்பாலேயே நிறுத்தினார். “உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லப்பா. சாப்பிட வர்றவங்க கேக்குறாங்க. தொத்து வியாதி இல்லைன்னு லேப்ல இருந்து ஒரு ரிப்போர்ட் கொண்டாந்து குடு, அன்னைக்கே தட்டைத் தூக்கு. திங்கக்கிழமை வரைக்கும் வேற ஆள் போட மாட்டேன்.”

“எங்க மாமாதான் லேப்ல” என்றான் அவன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “அவரு கையாலதான் எல்லாமே.”

துண்டு எடுக்கும்போது கத்தி கூடவே நின்றார். மரத்துப்போக ஊசி போட்ட நேரத்தில் அவன் அலறிவிட்டான். சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் அவனுக்கு உயிர் போகும். “அக்கா!” என்று ஆரம்பித்து, மூச்சு அடைத்து, கடைசியில் ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். வரிசையில் நின்றவர்கள் திரைக்கு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்து குனிந்துகொண்டான். “மாமா, அக்காகிட்ட சொல்லாதீங்க” என்றான் வெளியே வந்ததும்.

“சே, சே, நான் ஏன் சொல்றேன்” என்றார் கத்தி. அக்காவிடம் அவர் சொல்லவில்லை என்பது உண்மைதான்.

மறுநாள் காலை மெழுகு உருகி அச்சுகள் சூடாகத் தயாராக இருந்தன. வழக்கம்போல எல்லோரும் வேலையோடு வேலையாக அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தி இடுக்கியைக் கையில் எடுத்தபடி ஆரம்பித்தார்.

“எங்க வீட்டு மாவீரன் நேத்து ஒரு பாட்டு பாடினான் பாருங்க.”

முக்காலியிலேயே மச்சானாக மாறினார். சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது, கண்ணை மூடுவது, ஊசி வருமுன்னே விரலை விரிப்பது, பிறகு அந்த ‘அக்கா’, பிறகு அந்த ஆட்டுக்குட்டிச் சத்தம். அறை அதிர்ந்தது. கூட்டிப் பெருக்குகிறவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “இன்னொரு தடவைண்ணே” என்று யாரோ கேட்டார்கள். இன்னொரு தடவை செய்தார். கை மட்டும் பழக்கத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. துண்டு இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தது, துண்டை எடுத்தது, அச்சில் வைத்தது, மெழுகை ஊற்றியது, குளிர்தட்டுக்குத் தள்ளியது. ‘அக்கா’ என்று அவர் இரண்டாவது முறை அலறிய நேரத்தில் அந்தக் கை அச்சில் வைத்தது மச்சானின் தோலைத்தான். அது சாய்ந்ததையும் மெழுகு வெளுத்து இறுகியதையும் யாரும் பார்க்கவில்லை.

சாயம் போடுகிறவளைச் சாயக்கை என்பார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் விரல் நுனியில் ஊதா போகாது. அன்று சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். அவளுக்கும் ஒரு தம்பி உண்டு. கத்தி அன்று சீவிக் கொடுத்த தகடுகளில் ஒன்றைச் சாயம் ஏற்றியதும் பக்கத்தில் இருந்த மைக்ராஸ்கோப்பில் சும்மா ஒரு கண் வைத்தாள். நல்ல தோல் சீவல் கரை கட்டிய துணி மாதிரி இருக்கும். இதில் வெறும் ஊதாத் திட்டு, மேல்படலம் மட்டும், தீவு தீவாக.

அவள் சத்தம் காட்டாமல் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“அண்ணே, இது படுத்திருக்குண்ணே.”

“எது?”

“உங்க மச்சானோடது. அடித்தோலே வரல. இதுவரைக்கும் கொஞ்சம்தான் சீவியிருக்கீங்க, மெழுகுக்குள்ள மிச்சம் இருக்கு. உருக்கி எடுத்து நிமித்தி வச்சிட்டா சரியாயிடும். நான் வேணா அச்சு சூடு பண்ணட்டா?”

அவள் சொன்னது சரி. உருக்கி மறுபடி வைப்பது வாரம் ஒருமுறையாவது நடக்கிற காரியம். தப்பு செய்த எல்லோரும் செய்வதுதான். ஆனால் தப்பு செய்த எல்லோரையும் மேஜைக்கு மேலே தூக்கிக் காட்டியவர் இவர். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“எனக்கே பாடமா?” என்றார் உரக்க. “துணிக்குச் சாயம் போடுற மாதிரி போட்டுட்டு, எனக்கு வந்து தோல் சொல்லித் தர்றா பாருங்கய்யா. இன்னும் கொஞ்சம் உள்ளே போனா அடித்தோல் தானா வரும். நீ போய் உன் வாளியைக் கலக்கு.”

சிரிப்பு வந்தது. அவள் போய்விட்டாள்.

அவர் மெஷினின் சக்கரத்தைச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மெல்லிய சீவல் நாடா போல விழுந்தது. அடித்தோல் தானாக வரும் என்பது முழுப் பொய் அல்ல, வரத்தான் செய்யும். ஆனால் குடைந்தெடுத்த துண்டு அடியில் குறுகலாக, சாய்ந்து கிடந்தது. வந்தது கிழிந்து கிழிந்து வந்தது. முதலில் வந்தவை நன்றாக இல்லை என்று குப்பையில் போட்டார். அடுத்து வந்ததும் சரியில்லை. இப்போது நிறுத்தி உருக்கினால் இருக்கிற கொஞ்சத்தையாவது காப்பாற்றலாம் என்று கை சொல்லியது. பின்னால் யாரோ இருமினார்கள். இருமலா சிரிப்பா என்று அவருக்குப் புரியவில்லை. சக்கரத்தை விடாமல் சுற்றினார். கடைசியில் மெழுகு மட்டும் வந்தது, வெள்ளை வெளேரென்று.

பெரிய மேடம் தகடுகளை ஒன்று மாற்றி ஒன்றாகப் பார்த்தார்.

“இதுல அடித்தோலே இல்லையே. மெழுகு பிளாக்ல மிச்சம் இருக்கா?”

“இல்லை மேடம். மேலே எடுத்ததே மேலாப்புல எடுத்திருக்காங்க. பையன் ஊசிக்கு ஆடிட்டான், டாக்டர் பயந்துட்டாரு போல.”

மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஆழம் போதாது, நோய் நிர்ணயிக்க இயலவில்லை. அப்படியே தட்டிடுங்க. ஆராய்ச்சியிலிருந்து எடுத்துடுங்க. வேற துண்டு அனுப்பச் சொல்லுங்க.” அடுத்த தகட்டை எடுத்தார். அந்த வாக்கியம் என் கையால் அப்படியே தட்டச்சு ஆனது. எழுத்துப்பிழை இல்லை.

திங்கட்கிழமை மச்சான் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, நிலவறைப் படியில் காத்திருந்தான்.

“மாமா, என்ன வந்துச்சு?”

உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. என் கை தவறிவிட்டது, இன்னொரு துண்டு எடுத்தால் தெரிந்துவிடும், முதலாளியிடம் நானே வந்து பேசுகிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். கத்தி கண்ணாடியைத் துடைத்தார்.

“ஒண்ணும் சொல்ல முடியலையாம்.”

“அப்படின்னா?”

“அப்படின்னா என்னத்தைச் சொல்றது? நல்லதா இருந்தா நல்லதுன்னு போட்டிருப்பாங்கல்ல.”

அவன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ‘இயலவில்லை’ என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டே கேன்டீனுக்கு ஏறினான். முதலாளி தாளைத் தொடாமல், குனிந்து படித்தார். “இல்லைன்னு இதுல போடலையேப்பா.” அவ்வளவுதான். பரிமாறுகிற மேஜையிலிருந்து ஒருவன் சன்னமாக, “அக்கா...” என்று இழுத்து, ஆட்டுக்குட்டி போலக் கத்தினான். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். நிலவறையில் பிறந்த நகைச்சுவை லிஃப்ட் பிடித்து மேலே வந்திருந்தது. கையில் தாளோடு அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அந்தச் சத்தம் யாருடையது என்று புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. யார் வாயிலிருந்து இங்கே வந்தது என்று புரிய அவ்வளவு நேரம் ஆகவில்லை.

தோல் டாக்டர் இன்னொரு துண்டு எடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அக்காள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

“வாடா. நான் கூட வர்றேன். கண்ணை மூடிக்கோ, முடிஞ்சிடும்.”

“வேண்டாம்க்கா.”

“இன்னொரு தடவை கச்சேரியா?” என்று அறைக்குள்ளிருந்து கத்தி கேட்டார். “டிக்கெட் போட்டா நல்லா கூட்டம் வரும்.”

வழக்கமான அந்தச் சிரிப்பு அவனிடம் வரவில்லை. அவனுக்கென்று படிவளைவில் தனியாக வைத்திருந்த தட்டையும் தம்ளரையும் அன்று அவனே கழுவிக் கவிழ்த்தான். விடிந்து அக்காள் பார்த்தபோது போர்வை மடித்து வைத்திருந்தது, ஆள் இல்லை. தையல் மெஷின் மேல் பட்டன் தைத்து முடித்த சீருடைகள் அடுக்கியிருந்தன. பட்டன் தைக்க அவனுக்கு எப்போதோ அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“பாத்தியா, உள்ளே பயம் இருக்கவேதான் ஓடிட்டான்” என்றார் கத்தி. அவள் மெஷினின் மிதியை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

பல மாதம் கழித்து, ஆராய்ச்சி முடிந்து, கட்டுரை நல்லபடியாகப் போயிற்று. பக்கத்து மருத்துவமனைகளின் லேப் ஆட்களையும் கூப்பிட்டுப் பெரிய மேடம் ஒரு கூட்டம் வைத்தார். திரையில் படங்கள் வரிசையாக வந்தன. அழகழகான சீவல்கள். “இதெல்லாம் நம்ம ஆள் வச்சது” என்று மேடம் கை காட்ட, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கத்தி லேசாக எழுந்து உட்கார்ந்தார். கைதட்டினார்கள்.

“ஆராய்ச்சியில சேக்க முடியாமப் போனதும் சிலது உண்டு” என்று மேடம் அடுத்த படத்தைப் போட்டார். திரை முழுக்க ஊதாத் தீவுகள். “தோலை இப்படி வைக்கக் கூடாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.”

பின்வரிசையிலிருந்து ஒருவன், “மேடம், தூங்க வச்சுட்டாங்க போல” என்றான். கூட்டம் சிரித்தது. கத்தியும் சிரித்தார். பழக்கதோஷம். சிரிப்பு பாதியில் இருக்கும்போது திரையின் மூலையில் இருந்த எண் கண்ணில் பட்டது. அது அவர் கையாலேயே பொறித்த எண்.

அப்படியானால் மேடத்துக்கு அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், ‘ஆழம் போதாது’ என்று தட்டச் சொல்லிவிட்டு, தகட்டை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார், இந்தப் படத்துக்காக. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது கத்தி மேடத்தின் அருகே போய் நின்றார். மேடம் பிஸ்கட்டை நனைத்தபடி சொன்னார்: “உங்க பேரைச் சொல்லலையே, அப்புறம் என்ன?”

“அது என் மச்சான் மேடம்.”

“யாரு?”

“அந்தத் தோல்.”

“ஓ” என்றார் மேடம். “வேற துண்டு வரவே இல்லையே?” கோப்பையை வைத்துவிட்டு யாரோ அழைத்த பக்கம் போனார்.

சாயக்கை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலை, சீருடை ஒன்றைச் சரிசெய்ய வேண்டும் என்ற சாக்கில் கத்தியின் வீட்டுக்குப் போனாள். அவர் வீடு வந்து சேர்வதற்குள் திரும்பியும் விட்டாள்.

கத்தி உள்ளே நுழைந்தபோது தையல் மெஷின் மூடியிருந்தது. அந்த நேரத்தில் அது மூடியிருந்து அவர் பார்த்ததில்லை. மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“லேப்ல நல்லா நடிப்பீங்களாமே.”

“யாரு சொன்னா?”

“என் தம்பி ஊசிக்குக் கத்தினதை நடிச்சுக் காட்டினீங்களாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். எனக்கு மட்டும் காட்டல.”

“அது ஏதோ விளையாட்டுக்கு...”

“எனக்கும் காட்டுங்க.”

“என்ன பைத்தியமா உனக்கு?”

“கட்டின நாள்ல இருந்து யார் யாரையோ காட்டியிருக்கீங்க. கண்டக்டரைக் காட்டினீங்க, லிஃப்ட்காரனைக் காட்டினீங்க, எங்கப்பா சாகக் கிடந்தப்போ மூச்சு வாங்கினதைக் காட்டினீங்க. நானும் சிரிச்சேன். என் தம்பியையும் காட்டுங்க. அப்படியே வரணும். அவன் குரல் கேட்டு ரொம்ப நாளாச்சு.”

அவள் அழவில்லை. கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் சத்தம் போட்டுப் பார்த்தார். பிறகு சிரித்து மழுப்பிப் பார்த்தார். தப்புதான் என்று ஒரு சொல் வாய்வரை வந்ததையும் அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். “அதெல்லாம் வேண்டாம். இதை மட்டும் செய்யுங்க.”

கடைசியில் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்தார். கண்ணை மூடினார். ‘அக்கா’ என்றார். ஆட்டுக்குட்டிச் சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

“இப்படியா கத்தினான்?”

“இல்ல.”

“அப்ப சரியா செய்யுங்க.”

மறுபடி செய்தார். இந்தமுறை வந்தது. அச்சு அசலாக வந்தது, அந்த அறையில் அவன் இருப்பது போல. அவள் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டாள்.

“இன்னொரு தடவை” என்றாள்.

மச்சான் இப்போது வேறொரு ஊரில், குளிர்க்கிடங்கு ஒன்றில் பெட்டி ஏற்றி இறக்குகிறான். அங்கே உள்ள மருத்துவமனையில் இன்னொரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். தானாக மறைகிற அந்த வளையம்தான் அது. அந்த ரிப்போர்ட் வருவதற்கு முன்பே ஓரம் மங்கத் தொடங்கியிருந்ததாம், இப்போது தடயம்கூட இல்லை. அக்காவோடு போனில் பேசுவான், மாமா எடுத்தால் வைத்துவிடுவான். கத்தி இன்னும் அதே நிலவறையில், அதே முக்காலியில்தான் இருக்கிறார். தோலை அவர் வைப்பதில்லை, சாயக்கை வைக்கிறாள். அவர் மற்றவர்கள் வைத்ததைச் சீவிக் கொடுக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது. அவர் மனைவி அதே வீட்டில் சீருடைகளுக்கு மடிப்பு அடிக்கிறாள். சில சாயங்காலங்களில் கதவைத் தாழ்போட்டுவிட்டு அவரை நடிக்கச் சொல்கிறாள், அவரும் நடிக்கிறார்.